நீ கேட்ட மதிப்பீடு

இன்று காலை டீட்டிகோன் விளையாட்டு மண்டபத்தில் யாரோ முழங்காலுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கற்பூர மணம் மூக்கில் ஏறியதும் பையை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். ஆட்டத்துக்கு முன் நீயும் அதைத்தான் அள்ளிப் பூசுவாய், மச்சான்.

லிமாட் ஆற்றோரத் திடலில் நான் பந்தை எறிவேன், நீ ஓடிப் பிடிப்பாய். அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடும் தமிழர் என்று எங்கள் இருவரையும் எல்லாரும் புதினமாகப் பார்த்தார்கள். பிறகு நீ அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கே விளையாடப் போனாய். நான் இங்கே கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கல்லூரியின் கடைசி ஆண்டில் உன் ஆட்டங்களை ஒரு டிவிடியில் பதிந்து அனுப்பினாய். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தெரிவு செய்ய இன்னும் இரண்டு கிழமை இருந்தது. தொலைபேசியில் சொன்னாய்: "சிநேகிதனாப் பாக்காதை. என்னைத் தெரியாத ஆள் மாதிரிப் பாத்திட்டு உண்மையைச் சொல்லு."

ஞாயிறு முழுவதும் பார்த்தேன். உன் விரலில் பட்ட எந்தப் பந்தும் கீழே விழவில்லை. ஆனால் உன்னை மறிப்பவனை ஓட்டத்தில் உன்னால் விலத்த முடியவில்லை. எவனாவது மோத வந்தால் பந்து வருமுன்னரே உன் தோள் சுருங்கியது. முன்பு அப்படி இல்லை. எங்கோ பலமாக அடிபட்டிருந்தாய். வீட்டுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

"கை திறம் மச்சான். ஆனா வேகம் காணாது. இடிக்குப் பயப்பிடுறாய். உன்னை எடுக்கமாட்டாங்கள்."

அன்றிரவே தொலைபேசியில் இதைச் சொன்னேன். "ஓம், சரி" என்று வைத்துவிட்டாய்.

தெரிவு நடந்த இரண்டு நாளும் கணினியில் பெயர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கணிப்புப் பிழைத்துவிட வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் கேட்டேன். உன் பெயர் வரவில்லை.

கோடையில் திரும்பி வந்து என்னோடு கிடங்கில் சேர்ந்தாய். பந்தைப் பற்றி நாங்கள் கதைக்கவேயில்லை. ஒருநாள் காலைத் தேநீர் இடைவேளையில் நீயாகத்தான் தொடங்கினாய்.

"நீ சொன்னது சரிதான்ரா. ஆனா அண்டைக்குப் பொய் சொல்லியிருக்கலாம். அந்த ரெண்டு கிழமையாவது சந்தோசமா இருந்திருப்பன்."

"தேத்தண்ணி ஆறுது, குடி" என்றேன்.

அந்தப் பனிக்காலத்தில் இன்டர்லாக்கன் வீதியில் உன் கார் சறுக்கியது. உனக்கு இருபத்தைந்து வயதும் நிறையவில்லை.

இப்போது எங்கள் ஊர் ஃபுட்போல் கழகத்துக்கு வரும் புதியவர்களை நான்தான் பார்த்துத் தெரிவு செய்கிறேன். நான் சொன்னால் பிழைக்காது என்கிறார்கள். உனக்குச் சொன்னதிலும் ஒரு சொல் பிழையில்லை. அதை நினைத்தால்தான் மச்சான், எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.