முதற்பதிப்பை அடைக்கும் நாள்

நலம் பெருகுக. கடல் சூழ்ந்த அலைவாய் நாடென்னும் இணைய விளையாட்டை வரைந்தவளும், இன்று அதன் நான்காம் பதிப்பில் இலட்சம் குடிகள் ஆடி மகிழ அரசு வீற்றிருப்பவளுமாகிய பொன்னெழிலி, பழைய சர்வரின் காவலரும், ஆள் குறைந்த முதற்பதிப்பை இந்நாள்வரை அணையவிடாமல் காத்தவருமாகிய செங்கோடனார்க்கு விடுக்கும் ஓலை. உம் காவலில் உள்ள வீதிகளும் துறைகளும் வாழ்க. சர்வரின் தேய்ந்த விசிறிகள் இன்னும் சில காலம் சுழல்க.

முதற்பதிப்பை இம்மாத இறுதியில் அடைக்குமாறு முன்பு ஆணையிட்டோம். காரணம் நீர் அறியாததன்று. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் உம்மையன்றி ஒருவரும் இலர். அதன் ஓட்டைகள் வழியே கள்வர் புகுந்து குடிகளின் கடவுச்சொற்களைக் கவர இருமுறை முயன்றனர். பழைய கைபேசி உடையோர்க்காகவும், அவசரமில்லாத ஆட்டத்தை விரும்பியோர்க்காகவுமே இத்தனை ஆண்டு வைத்திருந்தோம். அவர்களும் ஒவ்வொருவராய்ப் புதியதற்குப் போய்விட்டனர். அடைப்பதே முறை என்றிருந்தோம். அமைச்சர் எல்லாரும் தலையாட்டினர். அவர்கள் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

அப்போது உம் விண்ணப்பம் வந்தது. நீலாம்பல் என்னும் பெயரில் ஆடும் பெண்மணி ஒருவர் மட்டும் நாள்தோறும் காலையில் வந்து துறைமுகப் படியில் சிறிது நேரம் நின்று போகிறார் என்று எழுதியிருந்தீர். புதிய பதிப்புக்கு வருமாறு நீர் அழைத்ததற்கு, மரக்கலத்தான் என்னும் தோழர் தம்மை இங்கேயே நிற்கச் சொல்லிப் போனார் என்றும், புதியதில் பழைய நட்புப் பட்டியல் இல்லாதபோது திரும்பி வருபவர் தம்மை எங்கே தேடுவார் என்றும் அவர் கேட்டாராம்.

செங்கோடனாரே, அந்த மரக்கலத்தான் நான்தான். நான் வரைந்த நாட்டில் நானே ஆண்பெயர் பூண்டு உலவிய காலம் அது. இருவரும் ஓராண்டு ஒரே தோணியில் மீன் பிடித்தோம். பேசாமலே வலை இழுக்கும் அளவுக்குப் பழகினோம். இரண்டாம் பதிப்பின் வேலை வந்ததும், இங்கேயே நில், இதோ வருகிறேன் என்று சொல்லி இறங்கியவள் எட்டு ஆண்டாகத் திரும்பவில்லை. நட்புப் பட்டியலைப் புதியதற்கு எடுத்துச் செல்ல வேண்டாம், வேண்டியவர் புதிதாகத் தேடிக்கொள்ளட்டும் என்று சொன்னதும் நானே. எண்ணினால் நெஞ்சு எரிகிறது. இலட்சம் பேர் வாழ்த்தும் இவ்விடத்தில் இருந்துகொண்டு, அந்தத் தோணிக்காக ஏங்குகிறேன்.

ஆகவே ஆணை. கள்வர் புகாதவாறு மற்ற வீதிகளை எல்லாம் அடைத்து, துறைமுகம் ஒன்றை மட்டும் திறந்து வையும். நான் அழித்துவிட்ட மரக்கலத்தான் கணக்கை மீட்டுத் தாரும். நாளைக் காலை நானே போய் உண்மையைச் சொல்வேன். கேட்டபின் அவர் முகம் திருப்பிக்கொண்டாலும், அதைச் சாக்கிட்டுத் துறையை அடைக்க வேண்டா.

முன்னைய ஆணையிலிருந்த தேதியை அழித்து, அவ்விடத்தை வெறுமையாக விட்டு, கீழே நங்கூர முத்திரை இட்டோம். அடைக்கும் நாளை நீலாம்பலார் தம் கையால் எழுதட்டும். அவர் எழுதாதவரை, நாமே வந்து கேட்டாலும் துறையின் திறவுகோலைத் தாராதீர்.