மூன்றாம் தவளை

அன்பும் அதிகாரமும் நிறைந்த என் வீட்டு எஜமானியம்மாவுக்கு,

உன் கணவன் எழுதுவது. நானும் மகளும் இங்கே நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டிக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு என்ன கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. காரணம் இருக்கிறது. உன்னோடு வேலை பார்க்கும் நர்ஸம்மா லீவு முடிந்து நாளை கிளம்புகிறார். அவர் பெட்டியில், நீ கேட்ட ஸ்வெட்டருக்குள் இதைச் செருகிவிட்டேன். படித்ததும் கிழித்துப் போடு.

போன சனிக்கிழமை போனில் நம் மகள் சொன்னாளே, நாடகத்தில் மூன்றாம் தவளை வேஷம் கிடைத்திருக்கிறது என்று. நீயும் "அட, தவளையா! எங்கே, குதிச்சுக் காட்டு" என்றாய். அவள் குதித்தாள். நானும் பக்கத்தில் நின்று, ரொம்ப நல்ல தவளை என்று தலையாட்டினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையில் பாதிதான் உனக்கு வந்து சேர்ந்தது. மீதி இதோ.

நம் வட்டாரத்தில் குழந்தைகளை வைத்து ஒரு பாட்டு நாடகம் போடுகிறார்கள். ஒரு யானை மேகத்தை விழுங்கிவிடுகிறது. மழை நின்றுபோகிறது. ஒரு குட்டி மேகம் யானையின் வயிற்றுக்குள்ளேயே போய், பாடிப் பாடித் தன் அம்மாவை வெளியே கொண்டுவருகிறது. இதுதான் கதை. நோட்டீஸை என் சலூன் கதவில்தான் ஒட்டினார்கள். அன்றிலிருந்து நம் வீட்டில் குட்டி மேகத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

ஒத்திகை முழுக்க என் கடையில்தான். சின்னப் பிள்ளைகளுக்கு முடிவெட்ட நாற்காலிக் கைகளின் குறுக்கே போடுவேனே, அந்தப் பலகையில் ஏறி நின்று, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பாடுவாள். நான் சும்மா இருப்பேனா? யானை எப்படி நடக்கும் என்று நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். பாங்க் கிளார்க் ஒரு கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். நுரை காய்ந்து, சுவரில் சுண்ணாம்பு உரிவது போல உரிந்தது. "அண்ணே, யானை எப்ப வேணா போகட்டும், எனக்கு பஸ் போயிடும்" என்றார். பாவம், நல்ல மனுஷன், டிப்ஸ் மட்டும் வைக்கவில்லை.

ஆடிஷன் அன்று நூலகத்துக்கு மேலே இருக்கும் ஹாலுக்குப் போனோம். கூடவே வந்த பெற்றோரில் நான் ஒருவன்தான் ஆண்பிள்ளை. மெடிக்கல் ஷாப் அம்மா தன் மகளுக்கு மேகம் மாதிரியே வெள்ளைக் கவுன் தைத்துப் போட்டுக் கூட்டி வந்திருந்தார். நம் பெண் பள்ளிக்கூட ஸ்வெட்டரில் நின்றாள். அவள் என்னைப் பார்த்து, "அப்பா, நீ உள்ள வராத. வாயையும் அசைக்காத. நீ வாயசைச்சா எனக்கு சிரிப்பு வரும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பேச்சில் அப்படியே நீ.

டைரக்டர் பெற்றோரை எல்லாம் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார். (ஆளுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. எனக்கு எந்த விதத்திலும் பிரயோஜனம் இல்லாத மனுஷர்.) நாங்கள் கதவுக் கண்ணாடியில் முட்டிமோதிப் பார்த்தோம். நம் பெண்ணின் முறை வந்தது. அடி, என்ன குரல்டி அது! இத்தனை நாள் சலூனில் ஃபேன் சத்தத்தில் கேட்டவனுக்கு, அந்த ஹாலில் கேட்டபோது இது நம் வீட்டுப் பிள்ளைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. கீபோர்டு டீச்சர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். நானும் இன்னும் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே என்று சாய்ந்ததில் கதவு திறந்துகொண்டது. உன் கணவன் ஹாலுக்குள் நாலு காலில் போய் விழுந்தான்.

டைரக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், யானைக்குப் பின்பாதி ஆள் கிடைக்காம கஷ்டப்பட்டுட்டு இருந்தேன். சனிக்கிழமை நாலுலேருந்து ஆறு, வருவீங்களா?" என்றார். விழுந்த அவமானத்தை மறைக்க, உடனே வருகிறேன் என்றேன். முன்பாதி நம் பேக்கரிக்காரர். என் எதிர்காலம் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

அப்புறம் வேஷங்களை வாசித்தார்கள். குட்டி மேகம், நம் பெண். எல்லாரும் கைதட்டினார்கள். மெடிக்கல் ஷாப் அம்மாகூட, உதட்டைக் கடித்துக்கொண்டுதான், தட்டினார். ஆனால் இவள் எழுந்து, "சார், எனக்கு மேகம் வேணாம். தவளை குடுங்க. தவளைக்கு ஞாயித்துக்கிழமைதானே ஒத்திகை?" என்று கேட்டாளே பார்க்கலாம். டைரக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் துருவினேன். பயமா? இல்லை. அந்த வெள்ளைக் கவுன் பெண் ஏதாவது சொன்னாளா? இல்லை. அப்பா விழுந்தது வெட்கமாக இருந்ததா? "அதெல்லாம் எனக்குப் பழக்கம்" என்றாள். கடைசியில் நம் தெருமுனையில் நின்று, இவ்வளவு மட்டும் சொன்னாள்: "போப்பா, உனக்கு ஒண்ணுமே தெரியல. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அம்மா கூப்பிடுவாங்க இல்ல?"

மேகத்துக்கும் யானையைப் போலவே சனிக்கிழமை நாலிலிருந்து ஆறு வரைதான் ஒத்திகை. ஒத்திகையில் போனைத் தொடவே கூடாது, வாசலிலேயே கூடையில் போட்டுவிட வேண்டும். நாடகம் முடியும்வரை எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தான். இது எனக்கு உறைக்கவே இல்லை. நான் யானைக் காலை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக நீ சூப்பர்வைசரிடம் எப்படிக் கெஞ்சினாய், யாருடைய நைட் டியூட்டியை எல்லாம் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்பது அவளுக்கு மனப்பாடம். "அம்மாகிட்ட சொன்னா, அங்க உட்கார்ந்து அழுவாங்க. இல்லைன்னா போய்ச் சண்டை போடுவாங்க. போன்ல மூச்சு விடக் கூடாது, சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். போனில் இதுவரை மூச்சு விடவில்லை. கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சலூன்காரனிடம் ரகசியம் சொல்கிறவர்கள் சகல வழிகளையும் அடைக்க வேண்டாமா?

டைரக்டரைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். வருகிற சனிக்கிழமை ஒத்திகை தொடங்கும்வரை மேகத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். அதற்குமேல் அந்த வெள்ளைக் கவுனுக்குத்தான் போகும். அதுவும் நல்ல பிள்ளைதான், ஆனால் மேல் சுருதிக்குப் போனால் கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம் வருகிறது.

உன்னால் வேறு நேரம் வாங்க முடியுமா? ஞாயிறு காலை, திங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன், எதுவானாலும் சரி. முடியுமென்றால் வெள்ளிக்குள் அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு. டியூட்டியை மாற்றிவிட்டார்கள், இனிமேல் சனிக்கிழமை முடியாது என்று கொஞ்சம் அலுத்துக்கொள். நீ நடிக்கத் தெரியாதவள் இல்லை. என் அக்கா சமையலை ஒரு வாரம் முழுக்கப் புகழ்ந்தவள்.

முடியாது என்றால் மனதை அலட்டிக்கொள்ளாதே. யாரோடும் மல்லுக்கு நிற்காதே. தவளைக்குப் பச்சைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். அவளும் வாட்டமாக ஒன்றும் இல்லை, தவளைக் குதி குதித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் காலையில் பல் தேய்க்கும்போது, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் முணுமுணுப்பது தவளைப் பாட்டு இல்லை. நான் வாசலில் நின்று கேட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் கடைக்குப் போய்விடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நின்று வேலை செய்யும் ஒவ்வொரு வார்டிலும் உனக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைக்கட்டும். நேரம் எதுவென்று மட்டும் சொல். விடியாத நேரமானாலும் அவளை எழுப்பி உட்கார வைக்கிறேன். அவள் தூங்கி விழுந்தால், நான் விழித்திருப்பேன்.

இப்படிக்கு,
போனில் கடைசி ஐந்து நிமிஷம் மட்டும் வாய்க்கப்பெற்ற
உன் வீட்டுக்காரன்