ஆற்றோரத்துக் கால் ஏக்கர்

செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸ்
14.6.1975

மதிப்பிற்குரிய என் கணவருக்கு வீரம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் நலம். வேலை மாறிப் போன குளுவாங் ஊரில் உங்கள் நெஞ்சுச்சளி குறைந்ததா? வெந்நீர் குடியுங்கள்.

பயத்தங்காய் போடுவதைப் பக்கத்து வீட்டுச் சாந்தமேரியிடம் கேட்டுக்கொள் என்று போன கடிதத்திலும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. புருஷன் செத்த பிறகு அவளுக்கு மண் கொத்தச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே? இப்போது அவள் எனக்கு வாத்தியாரா? அவள் பந்தலில் காய் முழ நீளம் தொங்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். என்னுடையதும் குறைச்சல் இல்லை.

செவ்வாய்க்கிழமை விவசாய ஆபீசர் வந்தார். எல்லாரும் காய்கறி போடுங்கள் என்று ரேடியோவில் தினமும் சொல்கிறார்களே, அந்தப் பச்சைப் புத்தகத் திட்டத்துக்காகத்தான். நன்றாகப் பயிர் வைத்திருக்கிற வீட்டுக்கு ஆற்றோரத்தில் கால் ஏக்கர், லைசென்சோடு. நாம் இங்கே குடிவந்த நாள் முதல் நீங்கள் ஆசைப்பட்ட அதே நிலம்.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். அவள் கண் பட்டுவிடும் என்று பந்தலைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டி மறைத்திருந்தேன். ஆபீசர் வாசலில் நின்று, பின்னால ஏதாச்சும் போட்டிருக்கீங்களா ஆன்டி என்று கேட்டார். அவருக்குப் பின்னால் சாந்தமேரி நின்றாள். அவளைப் பார்த்ததும், ஒண்ணுமில்ல சார், துணிதான் காயுது என்று சொல்லித் தொலைத்தேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நிலம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அவளே அந்த நிலத்துக்கான விண்ணப்பப் பாரத்தோடு வந்தாள். ரெண்டு குடும்பம் பேர் போடலாம்லா அக்கா, நான் ஒருத்தி எப்படிக் கொத்துறது, அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்குங்க என்றாள். என் பந்தல் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் காலையில் வேலிக்கு மேலே எட்டி அடுத்தவள் காயை எண்ணிக்கொண்டிருந்தவள் நான்தான். அவள் கையால் வாங்குவதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் அடுத்த வருடம் நீங்கள் பென்ஷன் வாங்கி வந்தால், இந்தக் குவார்ட்டர்ஸையும் விட்ட பிறகு, இறங்கி நிற்க நமக்கு வேறு மண் ஏது?

பாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும். அவளுக்கு நன்றி என்று தனியாகக் கடிதம் எதுவும் எழுத வேண்டாம். அதை நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள்
வீரம்மா