ஒன்பதாம் இடத்துக்குள் ரிவர்ஸ்

ஜூன் 10, திங்கள்

ஒன்பதாம் இடமே கிடைத்தது. ஆற்றை ஒட்டினது, இரண்டு வால்நட் மரங்களுக்கு நடுவில். முகாம் பூங்காவில் எங்களைத் தவிர ஒரு கூடாரம் மட்டும். பஞ்சுமரங்கள் உதிர்க்கிற பஞ்சு காப்பியில் விழுகிறது, எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கிறேன். இதைவிட என்ன வேண்டும்.

எங்கள் டிரெய்லரை, சக்கரம் வைத்த அந்தச் சின்ன வீட்டை, இழுத்து வந்தது டுவேன், ஆர்லனின் அக்கா மகன். நாங்கள் பிக்கப்பில் பின்னால் வந்தோம், நான் ஓட்டினேன். ஏப்ரலில் ஆர்லனுக்கு வலிப்பு வந்ததிலிருந்து அவன் ஓட்டக் கூடாது. மூன்று மாதம் மறுபடி வராமல் இருந்தால் உரிமம் திரும்பக் கிடைக்கும். அதுவரை பொறுக்கிற ஆளா என் புருஷன்? டிரெய்லரை டுவேனுக்கே விற்பதாகச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை டுவேன் வந்து நேராகத் தன் வீட்டுக்கு இழுத்துப் போவான். இரண்டு பேரும் என் சமையலறையில் நின்றே பேசி முடித்தார்கள், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது.

இங்கே வந்ததும், இனி நான் ஓட்டுகிறேனே என்றேன். "முன்னால ஓட்டுறது ஒரு வேலையா வெர்னா? இங்க வந்து ரிவர்ஸ் எடுக்கணும். வால்நட் மரத்துல இன்னும் நீ போட்ட தழும்பு இருக்கு, போய்ப் பாரு" என்றான் ஆர்லன்.

இருக்கிறதுதான். பதினொரு வருடம் ஆகியும் ஆறவில்லை, மரத்துக்கும் சரி, அவனுக்கும் சரி. இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். ஆனால் பேருந்தில் ரிவர்ஸ் எடுப்பது பாவம் மாதிரி, பின்னால் எந்தப் பிள்ளை நிற்கிறதோ என்று. சுற்றிக்கொண்டு போ, ரிவர்ஸ் போடாதே என்றுதான் பயிற்சி. டிரெய்லரோ நாம் இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகிற பிராணி.

ஜூன் 11, செவ்வாய்

மழை. நாள் முழுக்கச் சீட்டு. ஆர்லன் ஏமாற்றினான், அப்படியும் தோற்றான். சுகமான நாள்.

ஜூன் 12, புதன்

மைலோ வந்துவிட்டார், பதினொன்றாம் இடத்தில். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு ஜூனிலும் படகோடு வருவார். சாப்பிட்டதும் எங்கள் நெருப்பருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வாய் ஓயாது. எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஆர்லன் பேசமாட்டான்.

டிரெய்லரை விற்கப் போகிறோம் என்றதும் மைலோ சாஸேஜைக் கம்பியோடு கீழே வைத்துவிட்டார்.

"என்னப்பா ஆர்லன், எனக்கு ரிவர்ஸ் கத்துக்கொடுத்தவனே நீதானே! 'ஸ்டீயரிங்கோட அடியில ஒரு கை வை. வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கைய நகர்த்து. அவ்வளவுதான்'னு சொன்ன. முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான், எனக்கு அது தெரியல. அன்னிக்கு இல்லினாய் மாநிலத்துலேர்ந்து வந்த யாரோ ஒருத்தனுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்தியே?"

ஆர்லன் நெருப்பைக் கிளறினான். நான் அவனைப் பார்த்தேன். அவன் நெருப்பையே பார்த்தான்.

அடியில் ஒரு கை. வால் போக வேண்டிய பக்கம். இவ்வளவுதானா? — முப்பது வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு இல்லினாய்க்காரனுக்குச் சொல்லியிருக்கிறான்!

ஜூன் 13, வியாழன்

காலையில் இரண்டு பேரும் மைலோவின் படகில் மீன் பிடிக்கப் போனார்கள். ஆர்லனுக்கு உயிர்காப்புச் சட்டையை நானே மாட்டிக் கொக்கியும் போட்டுவிட்டேன். படகு போய்விட்டது. படகை இறக்கிய வெறும் டிரெய்லர் மட்டும் மைலோவின் வண்டிக்குப் பின்னால் மாட்டியபடி நின்றது. சாவி இருக்கையிலேயே. இந்தப் பூங்காவில் யார்தான் சாவியை எடுத்துக்கொண்டு போகிறார்கள்?

நான் திருடி இல்லை. கடன் வாங்கினேன்.

சரளைக்கல் போட்ட வாகனத் திடல் காலியாக இருந்தது. ஸ்டீயரிங்கின் அடியில் கை வைத்தேன். டிரெய்லர் பக்கவாட்டில் ஒடிந்து வண்டியோடு மடித்துக்கொண்டது. நேராக்கி மறுபடி. மறுபடி மடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்து, எப்படியென்று தெரியாது, வால் நான் சொன்ன பக்கம் போனது! பேருந்தில் ஏறியதும் பிள்ளைகள் போடுவார்களே ஒரு கூச்சல், அப்படி ஒன்று போட்டேன். மரத்திலிருந்த கொக்கு ஒன்று பறந்தே போய்விட்டது.

அப்புறம் ஆமை. பெரியது, கடிக்கிற ஜாதி, திடலின் நடுவிலே சரளையைத் தோண்டி முட்டையிட உட்கார்ந்துவிட்டது. கண்ணாடியில் கடைசி நொடியில்தான் பார்த்தேன், ஒடித்துத் திருப்பினேன். ஆமை பிழைத்தது. மைலோவின் பின்விளக்கு திடலோரத்து மரத்தில் மோதிச் சில்லு சில்லாகப் போனது. ஆமை தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது.

படகு திரும்பியதும் மைலோவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விளக்கு கிடக்கட்டும் வெர்னா. நாளைக்கும் சாவி அங்கதான் இருக்கும். ஆர்லன்கிட்ட மூச்சு விடமாட்டேன்."

ஜூன் 14, வெள்ளி

மூச்சு விட்டுவிட்டார். ஓட்டைவாயர். காலையில் படகு நடு ஆற்றுக்குப் போவதற்குள் சொல்லி முடித்திருக்கிறார்.

மாலையில் இங்கே வழக்கமான வெள்ளிக்கிழமைக் காட்சி. எல்லோரும் நாற்காலியைப் பாதைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, வருகிறவர்கள் டிரெய்லரை உள்ளே எடுப்பதைப் பார்ப்பார்கள். புருஷன் கையை ஆட்டுவான், பெண்டாட்டி கத்துவாள், எந்த ஜோடி முதலில் விவாகரத்து என்று பார்க்கிறவர்களுக்குப் பந்தயம். ஆர்லன் எடுத்தால் மட்டும் ஒரே தடவை. கை தட்டுவார்கள். அவன் தொப்பியைத் தொட்டுக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்குவான்.

இன்று அவன் நாற்காலியைத் திருப்பவில்லை. ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"எனக்குத் தெரியாம மைலோ வண்டியில பழகுறியாமே."

எனக்கும் பொங்கிவிட்டது. "மைலோவுக்குச் சொன்ன. இல்லினாய்க்காரனுக்குச் சொன்ன. பக்கத்துலயே உக்காந்திருந்த எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"கேட்டேன்டா கிழவா! மரத்துல இடிச்ச அன்னிக்கே கேட்டேன். 'உனக்கு எதுக்கு அது'ன்னு சொன்ன."

பாதையில் யாரோ ஒருத்தி "இடது! இடது!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"நீ கத்துக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு வெர்னா?" என்றான். "வீட்டுல எல்லாம் நீதான் பாக்குற. புள்ளைங்க போன் பண்ணா உன்கிட்டதான் பேசுதுங்க. என்னால ஆகுற காரியம்னு இருந்தது இது ஒண்ணு. அதையும் ஏப்ரல்ல பிடுங்கிட்டாங்க. மத்தவங்க பாக்க, பின்னாடி நின்னு கைய ஆட்டிக்கிட்டு... டுவேன்கிட்டயே போய்த் தொலையட்டும்னு தோணிச்சு."

பாவமாக இருந்தது. முதுகில் ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது. இதற்காகவா? இந்த ஆறு, இந்தக் காப்பி, வருடத்துக்கு ஏழெட்டு வாரம் நான் நானாக இருக்கிற ஒரே இடம், இவ்வளவையும் இதற்காகவா தூக்கிக் கொடுக்கிறான்? அதையும் சொன்னேன், இந்த வார்த்தைகளிலேயே. "உன்னோடது மட்டும்னு நெனைச்சியா? எனக்கும் இதுதான் இருக்கு" என்றேன். அவன் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான்.

ஜூன் 15, சனி

ஆர்லன் நான்கு மீன் பிடித்து வந்தான், நான் கேட்காமலே சுத்தம் செய்து கொடுத்தான். புளிப்பு ருபார்ப் தண்டு வைத்து ஒரு இனிப்பு சுட்டேன். பெரிய துண்டு அவனுக்கு.

ஜூன் 16, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

டுவேன் பதினோரு மணிக்கு வந்தான். "ரெடியா அத்தை?" என்றான். "கொஞ்சம் பொறு. ஒரு தடவை வெளியே எடுத்து உள்ளே வைக்கிறேன். வைக்க முடியலைன்னா நீ கொண்டுபோ" என்றேன். அவன் மாமாவைப் பார்த்தான். ஆர்லன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "அவ இஷ்டம்" என்றான்.

டிரெய்லரை எங்கள் பிக்கப்பில் கொக்கி மாட்டினேன். வெளியே எடுப்பது சுலபம். அதற்குள் எல்லா நாற்காலியும் திரும்பிவிட்டது.

முதல் தடவை புதரில். இரண்டாவது, மூன்றாவது, அதே புதரில். நான்காவது சரியாக வந்து கடைசியில் மடித்துக்கொண்டது. ஐந்தாவதில் பழைய வால்நட் மரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. முடியாது, கொண்டுபோகட்டும் என்றே நினைத்துவிட்டேன்.

ஜன்னலில் ஆர்லன். எப்போது எழுந்து வந்தான் என்று தெரியாது. தள்ளு, நான் பார்க்கிறேன் என்று சொல்வான் என்று நினைத்தேன். "இறங்கு. பாக்காம எடுக்கக் கூடாது. நானும் எப்பவும் இறங்கிப் பாப்பேன்" என்றான்.

பொய். ஒரு நாளும் அவன் இறங்கிப் பார்த்ததில்லை. இறங்கினேன். இரண்டு பேரும் டிரெய்லரைச் சுற்றி நடந்தோம், எல்லோரும் பார்க்க. "இவ்ளோ இடம் இருக்கு பாரு" என்று காலடியால் அளந்து காட்டினான். ஏறினேன். அவன் பின்னால் போய் நின்றான். கையை ஆட்டவில்லை. சும்மா நின்றான்.

ஆறாவது மறுபடி புதரில். ஏழாவது தடவை உள்ளே போனது. கொஞ்சம் கோணல். மைலோ விசிலடித்தார்.

டுவேன் தலையைச் சொறிந்தான். "மாமா, டிரெய்லர் வாங்கிட்டேன்னு ஆபீஸ் முழுக்கச் சொல்லிட்டேனே!"

"சொன்ன வாயாலேயே இல்லைன்னும் சொல்லு. உங்க அத்தை கொடுக்கமாட்டேங்கிறா" என்றான் ஆர்லன். மிச்சமிருந்த ருபார்ப் இனிப்பை டுவேனுக்குக் கட்டிக் கொடுத்தேன்.

ஜூலை 24, புதன்

டாக்டர் சரி என்றுவிட்டார். இனி ஆர்லன் ஓட்டலாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவனைக் கட்டிக்கொண்டேன், சந்தோஷம்தான், பொய்யில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் மனதுக்குள் ஏதோ ஒன்று சுருங்கியது. எழுத வெட்கமாக இருக்கிறது. அடுத்த மாதம் பூங்காவுக்குப் போகும்போது அவன் ஒரே தடவையில் உள்ளே எடுப்பான், கை தட்டுவார்கள், நான் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருக்கட்டும். வலிப்பு இல்லை, அது போதும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மூன்றாம் இடம். ஒன்பதில் வேறு யாரோ. ஆறு வற்றிப்போயிருக்கிறது, தண்ணீரில் கூழாங்கல் தெரிகிறது. சோளம் சுட்டோம். நான்கு தடவையில் உள்ளே.

காலையில் புறப்படும்போது நடந்தது. கொக்கியைப் பூட்டியது ஆர்லன்தான், விளக்குகளைச் சரிபார்த்ததும் அவன்தான். சாவி அவன் சட்டைப் பையில். நான் வீட்டைப் பூட்டிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, பிக்கப்பில் ஸ்டீயரிங் இல்லாத வலப்பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். அங்கே ஏற்கெனவே ஆர்லன் உட்கார்ந்திருந்தான், பெல்ட் போட்டு, மடியில் காப்பிக் குடுவையோடு.

"தப்பான பக்கம் வந்திருக்க வெர்னா," என்று சாவியை நீட்டினான்.