அப்பா எழுதிக் கொடுத்த பேச்சு

வடக்கு மலை முகாம்
14 நவம்பர் 1976

என் உயிரே ஒலிம்பி,

பொட்டலம் வந்தது. வெங்காயம், சர்க்கரை, புகையிலை, கம்பளிக் காலுறை எல்லாம் சரி. கடிதம்தான் அரைப் பக்கம். தாளுக்கும் பங்கீடு வந்துவிட்டதா?

நான் செம்புச் சுரங்கத்தில் தாது வண்டி தள்ளுகிறேன். என்னோடு தள்ளுகிறவர் தலைநகர் தீரானாவில் பேராசிரியராக இருந்தவர். முதல் நாளே கேட்டார்: "நீங்க என்ன எழுதினீங்க, பாந்தெலி?"

"எழுதறதா? ஏழாவதோட பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிடுச்சு. என் கறிக்கடைக்கு ஒரு அம்மா வந்து கறி இருக்கான்னாங்க. கறி இல்ல, கறி மாட்டுற கொக்கிதான் புதுசா வந்திருக்கு, அரைக் கிலோ போடட்டுமான்னேன்."

"அதுக்கு?"

"பத்து வருஷம்."

முந்நூறு பக்கம் எழுதி எட்டு வருடம் வாங்கிய மனிதர் அவர். அன்றிலிருந்து என்னிடம் தனி மரியாதை.

தொந்தி கரைந்துவிட்டது. உன் அம்மா இருந்து பார்த்திருந்தால் வேறு யாரோ மாப்பிள்ளை என்று வெட்கப்பட்டிருப்பாள். சோதிரோடு உன் கல்யாணம் எப்போது? நாள் குறித்ததும் எழுது.

உன் அப்பா
பாந்தெலி

கோர்ச்சா
3 டிசம்பர் 1976

அன்புள்ள அப்பா,

நாள் குறிக்கவில்லை. கட்சியின் தெருக் குழுவில் கூப்பிட்டு அனுப்பினார்கள். மாதக் கடைசியில் கூட்டம். எல்லார் முன்னும் எழுந்து நின்று, நீங்கள் மக்களின் விரோதி, எனக்கு அப்பா இல்லை என்று நான் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் செவிலியர் வேலை போகும், விரோதிகளின் குடும்பங்களை அடைத்து வைக்கும் சதுப்புப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். சோதிரின் அம்மாவும் வந்து, "சொல்லிடு பொண்ணே. வாயாலதானே" என்றாள்.

நான் சொல்ல மாட்டேன் அப்பா. பண்ணையிலும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள்.

உங்கள் மகள்
ஒலிம்பி

முகாம்
16 டிசம்பர் 1976

அசட்டுப் பெண்ணே,

இது தபாலில் வரவில்லை. தாது லாரி ஓட்டுகிறவர் சட்டைக்குள் வைத்துக் கொண்டு வருகிறார். படித்ததும் அடுப்பில் போடு.

நீ சொல்லத்தான் வேண்டும். நான் உள்ளே கிடப்பதற்கு ஒரு பயன் வேண்டாமா? பண்ணைக்குப் போனவர்கள் திரும்பியதை நான் பார்த்ததில்லை. உனக்குப் பொய் சொல்ல வராது, ஆகையால் நானே எழுதிவிட்டேன். மூன்று நாள் யோசித்தேன். மனப்பாடம் செய்துகொள்:

"தோழர்களே, பாந்தெலி நாச்சே சோம்பேறி. வாயாடி. கட்சி கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டே கட்சியைக் கேலி செய்தவர். இருபது வருடம் கறிக்கடையில் நின்றார். அவர் கடையில் தட்டுப்பாடில்லாமல் கிடைத்த ஒரே இறைச்சி அவருடைய நாக்குதான். அந்த நாக்கோடு எனக்கு உறவு இல்லை. இன்று முதல் எனக்கு அப்பா கிடையாது."

எப்படி? பேராசிரியரிடம் வாசித்துக் காட்டினேன். ஏனோ அவர் சிரிக்காமல் வண்டியைத் தள்ளப் போய்விட்டார். பொறாமையாக இருக்கும்.

அழாமல் பேசு. அதன்பின் எனக்கு எதுவும் அனுப்பாதே. உன் பெயரில் எது வந்தாலும், எனக்கு மகள் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிடுவேன். நீ பேசாமல் இருக்கும்வரை நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

இனி அப்பா என்று கையெழுத்துப் போடக் கூடாது. பழக்கம் விடவில்லை.

அப்பா

சதுப்புப் பண்ணை, நான்காம் கொட்டகை
20 ஜனவரி 1977

அன்புள்ள அப்பா,

அனுப்ப வேண்டாம் என்றீர்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் எழுதியதை எழுத்துப் பிசகாமல் சொன்னேன். நாக்கு வரி வந்ததும் கூட்டம் சிரித்துவிட்டது. கோர்ச்சாவில் உங்கள் பேச்சைத் தெரியாதவர் யார்? குழுத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தப் பேச்சை உனக்கு யாரு எழுதிக் குடுத்தாங்க?" என்றார். எனக்குப் பொய் சொல்ல வராதே அப்பா. பேசாமல் நின்றேன். "அப்போ கறி தட்டுப்பாடுன்னு நீயும் சொல்றே" என்றார்.

ஒன்பதாம் நாள் லாரி வந்தது. ஐந்து வருடம் என்றார்கள். சோதிர் தன் தங்கையை அனுப்பி மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

நான் உங்களைக் கோபிக்கவில்லை. ஒரு வரி எழுதுங்கள்.

ஒலிம்பி

(உறையின் மேல்: வாங்க மறுக்கிறேன். எனக்கு மகள் கிடையாது. பாந்தெலி நாச்சே)

கோர்ச்சா
8 ஆகஸ்ட் 1986

ஒலிம்பி,

வெளியே வந்துவிட்டேன். பேரப்பிள்ளைகள் எத்தனை என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே நம் வீட்டுக் கதவைத் தட்டினேன். வேறு யாரோ திறந்தார்கள். பக்கத்து வீட்டு வாங்யோ ஓடி வந்தான்.

"டேய் பாந்தெலி! நீ செத்துட்டேன்னாங்களே!"

"அங்கேயும் வரிசை நீளமா இருந்துச்சு, திரும்பி வந்துட்டேன். என் பொண்ணு எங்கடா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். எல்லாவற்றையும் சொன்னான். அன்று கூட்டத்தில் முதலில் சிரித்தவன் தானே என்றும் சொல்லி என் கையைப் பிடித்து அழுதான். அவனை என்ன சொல்ல? சிரிக்கட்டும் என்றுதானே எழுதினேன். மகளின் கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்திலும் எனக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது.

பதினொரு முறை உன் பெயர் போட்ட உறையைத் திருப்பினேன். உள்ளே என்ன இருக்கும் என்று ஒருமுறையும் பார்க்கவில்லை. ஊரில் சௌக்கியமாக இருந்துகொண்டு பாசத்தில் அனுப்புகிறாள், பைத்தியக்காரி என்று நினைத்தேன். அனுப்பிய இடத்தை முகாமில் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, உறையில் மை பூசி அழித்துவிடுவார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பிடிக்கவில்லை.

வரலாமா? உன் கொட்டகை வாசலில் நிற்க மட்டும்.

பாந்தெலி

சதுப்புப் பண்ணை
11 செப்டம்பர் 1986

அன்புள்ள அப்பா,

நான் பண்ணைக்கு வந்தது தெரிந்தும் நீங்கள் கோபத்தில் திருப்புகிறீர்கள் என்றே முதலில் அழுதேன். பிறகு அழவில்லை. உறையின் மேல் உங்கள் கையெழுத்து இருக்கும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். அதற்காகவே அனுப்பினேன். நான்கு வருடத்துக்கு முன்னால் தபால்தலைக்குக் காசு சேர்க்க முடியாமல் போனது, நிறுத்திவிட்டேன்.

இங்கேயே ஒருவரை மணந்தேன். அவரும் விரோதிகள் பட்டியலில் உள்ளவர்தான். ஒரு பையன், ஏழு வயது. தாத்தா சுரங்கத்தில் இறந்துபோனார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐந்து வருடம் முடிந்ததும் இன்னொரு ஐந்து போட்டார்கள். வரும் ஜனவரியில் மறுபடி குழு உட்காரும். முகாமிலிருந்து வந்தவர் என்னைத் தேடி வந்தார் என்று தெரிந்தால் மூன்றாவது ஐந்தும் போடுவார்கள். பையன் இங்கேயே பெரியவனாகிவிடுவான்.

வராதீர்கள். எழுதவும் வேண்டாம். ஜனவரி முடிந்ததும் நானே எழுதுகிறேன்.

ஒலிம்பி

கோர்ச்சா
2 மே 1987

ஒலிம்பி,

ஜனவரி போய்விட்டது. மே வந்துவிட்டது. செங்கல் சூளையில் வேலை. தங்க இடமும் அங்கேயே. தபால்காரர் சைக்கிளை நிறுத்துவதே இல்லை, தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார்.

விட்டுவிட்டார்களா, இன்னும் ஐந்து போட்டார்களா? யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் அதுவே உன் பெயரில் ஏறிவிடும். இந்தக் கடிதத்தையும் தபாலில் போட மாட்டேன். என் எழுத்து உனக்கு என்ன செய்யும் என்று ஒருமுறை பார்த்தாயிற்று.

உன் கடைசிக் கடிதத்தைப் பல நாள் படித்தேன். பையன் என்றாய், ஏழு வயது என்றாய். பெயர் எழுதவில்லை. அவசரத்தில் விட்டுவிட்டாய் என்றே நினைத்திருந்தேன். நேற்று சூளைக்குக் கட்டை அடுக்கும்போதுதான் உறைத்தது. நீ எதையும் மறக்கிறவள் இல்லை. என் நாக்கில் அந்தப் பெயர் ஏறக் கூடாது என்றுதான் எழுதாமல் விட்டாய்.

பாந்தெலி