மணியம்மை அக்காவின் மொட்டை

திருத்தணி,
9.12.1974

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு ஸ்தோத்திரம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? என் காய்ச்சல் விட்டுவிட்டது, பயப்படாதீர்கள்.

நேற்று வீட்டுக்கார மணியம்மை அக்கா மலையிலிருந்து மொட்டைத் தலையோடு இறங்கி வந்தார்கள். எனக்குக் குணமாக முருகனிடம் வேண்டிக்கொண்டார்களாம். “நான் கேட்கவே இல்லையே!” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

“நீ ஒண்ணும் செய்ய வாணாம்மா. உனுக்கோசரம் நான் குடுத்தாச்சு” என்று சிரித்தார்கள்.

நாம் செய்கிற கிரியையால் அல்ல, விசுவாசத்தால்தான் நீதிமானாவோம், கிறிஸ்து செய்துமுடித்ததைக் கைநீட்டி வாங்கினால் போதும் என்று ஓய்வுநாள் பள்ளியில் வாரந்தோறும் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்கே வாங்கத் தெரியவில்லை.

பனி கொட்டுகிறது. அம்மாவின் கம்பளித் துண்டை அனுப்புங்கள், அக்கா தலைக்குக் கட்டட்டும். தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். துண்டைக் கொடுத்துவிட்டால் என் மனசு ஆறும் என்று பார்க்கிறேன். அதுவும் கிரியைதானே, அப்பா?

மகள்,
ஞானசெல்வம்