நூத்தி முப்பத்தாறு செருப்பு

ஜூன் 3, திங்கள்

அவுகளுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி நாலு நாள் ஆகிறது. புருசன் மவுத்தானவள் வீட்டோடு இருக்கிற இத்தா முடிய இன்னும் எண்பத்து நாலு நாள். அதுவரை வாசல்படி தாண்டக் கூடாது, வெளி ஆம்பளைகள் கண்ணில் படக் கூடாது. நோன்புப் பெருநாளைக்கு என்று இங்கிலாந்து லெஸ்டரிலிருந்து மூன்று பேரும் சொந்த ஊர் கம்பம் வந்தோம். பெருநாள் கழித்து ஒன்பதாம் நாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவுக எழுந்திருக்கவே இல்லை.

மகள் ரெஹானாவை நான்தான் திரும்பிப் போகச் சொன்னேன். பத்தொன்பது வயசு. லெஸ்டரில் பிறந்த பிள்ளை. நீளம் தாண்டுகிறவள். ஜூலை 21-ல் பிரிட்டன் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். முதல் இரண்டு பேருக்குத்தான் நாட்டுச் சட்டை. "இத்தா எனக்குத்தான், உனக்கு இல்ல. போ" என்றேன். போனாள்.

நான் அஞ்சாப்புதான். ஆனால் எழுத வரும். இந்த நோட்டு அவள் விட்டுப் போனது.

ஜூன் 5, புதன்

அவுக சாமான் எல்லாம் நாற்பதிலேயே கொடுத்தாயிற்று. சட்டை, கைலி பள்ளிவாசலுக்கு. ஸ்வெட்டர் யாருக்கும் வேண்டாம், என்னிடமே இருக்கிறது. செருப்பை ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற மலைச்சாமிக்குக் கொடுத்தேன். கம்பத்தில் சொல்லித் தைத்த தோல் செருப்பு, டயர் அடி. லெஸ்டர் குளிரில் அதற்குள் சாக்ஸ் போட்டு நடப்பாக. தோசைக் கடையில் வேலை பார்க்கும்போதும் அதுதான். பார்த்துச் சிரிக்காத வெள்ளைக்காரன் இல்லை.

ஜூன் 8, சனி

இன்றைக்கு அங்கே ரெஹானாவுக்குப் போட்டி. மூன்று தடவை ஓடினாள், மூன்று தடவையும் சிவப்புக் கொடி. எழும்புகிற பலகையைத் தாண்டிக் கால் விழுந்துவிட்டது. எவ்வளவு தூரம் தாண்டினாலும் கணக்கில் இல்லை.

போனில் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"அத்தா செருப்பு எங்கம்மா?"

"எதுக்கு?"

"அத்தா அதாலதான அளந்து கோடு போடுவாக. இங்க டேப்புல அளக்குறாங்க, எல்லாம் தப்பா வருது. அனுப்பி வைங்க."

உண்மைதான். பலகையிலிருந்து பின்னாலே போய், குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட வைத்து, சத்தமாக எண்ணிக்கொண்டே போவாக. நூத்தி முப்பத்தாறு. அங்கே குனிந்து, கோட்டுக்கு ஒரு துண்டு டேப் ஒட்டுவாக. அங்கிருந்துதான் இவள் ஓட ஆரம்பிக்க வேண்டும்.

"அங்கனதான இருக்கு?" என்றாள். இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

தானம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா? கேட்கக் கூடாது. கேட்கத்தான் போகிறேன்.

ஜூன் 12, புதன்

கொழுந்தன் அஷ்ரப்பிடம் அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி மூலமாகச் சொல்லி அனுப்பினேன். மலைச்சாமிக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து, பழையதோடு கூட்டி வந்துவிட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம்.

"தப்பா நினைக்காதீக மலைச்சாமி. பிள்ளை கேக்குது."

"இதுல என்ன ஆத்தா இருக்கு. எனக்கு அது பெருசுதான். முன்னாடி பஞ்சு வச்சுத்தான் நடந்தேன். எடுத்துட்டேன் பஞ்ச."

"புதுசு சரியா இருக்கா?"

"அளவு சரிதான். கடிக்குது."

ஓரகத்தி சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் ஐம்பது நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. எனக்குக் கோபம் வரவில்லை.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். பிரியாணி வாசம் தெரு முழுக்க. நான் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன், ஆனால் சாப்பிட்டேன்.

ஜூன் 19, புதன்

சாரல் காற்று இறங்கிவிட்டது. மலை இடுக்கிலிருந்து வந்து ஜன்னலைப் போட்டு அடிக்கிறது. செருப்பைக் கட்டி அனுப்ப அட்டைப் பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். என்னவோ தோன்றியது. காலில் மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தேன், அவுக நடந்த மாதிரி, ஒட்ட ஒட்ட. இருபத்தேழில் சுவர் வந்துவிட்டது.

சுவரில் முட்டி நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அடப் பாவி மனுசா.

நூத்தி முப்பத்தாறு என்று சத்தமாகச் சொல்வாக. ஆனால் குனிந்து டேப்பை ஒட்டுகிற இடம் அது இல்லை. காற்று முதுகில் தள்ளினால் எட்டு நீண்டு கால் பலகையைத் தாண்டிவிடும், அதனால் ஒரு செருப்பு பின்னால். எதிர்த்து அடித்தால் முன்னால். முதலில் ஒரு பிடி புல்லைக் கிள்ளித் தூவிப் பார்ப்பாக. பிள்ளை அப்போது ஷூ கட்டிக்கொண்டிருப்பாள். சாப்பாட்டுப் பையோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன். ஏன் பிள்ளையிடம் பொய் சொல்றீக?

"பத்து வயசுல ஒருநா எண்ணிக்கைய மாத்தப் பாத்தேன், ஞாபகம் இருக்கா? ஓடவே மாட்டேன்னு அழுதா. நம்பர் மாறுனா அவளுக்குக் கால் நடுங்குது. நம்பர் அவளுக்கு. காத்து எனக்கு."

ஓடைப்பட்டியில் திராட்சைக்கு மருந்தடித்து வளர்ந்த மனுசன். மருந்து தன் மேலேயே அடிக்காமல் இருக்கக் காற்று பார்க்கத் தெரியாமல் இருக்குமா?

அப்படியானால் செருப்பை அனுப்பி என்ன பிரயோசனம்? பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

மறுபடியும் இரண்டு சிவப்பு. மூன்றாவது பலகைக்கு ஒரு முழம் முன்னாலேயே எழும்பிவிட்டாள், பயத்தில்.

அவளுடைய கோச்சம்மா காற்றைப் பார்த்துக் கோட்டை மாற்றலாம் என்கிறாளாம். இவள் கேட்கமாட்டேன் என்கிறாள். "அத்தா ஒருநாளும் மாத்துனதில்ல. நா மாத்த மாட்டேன்."

உண்மை வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

ஜூன் 26, புதன்

ஓரகத்தியிடம் சொன்னேன். "சொல்லாதீக அக்கா. மவுத்தானவுக திரும்பி வந்து பதில் சொல்ல முடியுமா? பிள்ளை மனசுல அத்தா பொய் சொல்றவராவா இருக்கணும்?" என்றாள்.

அவள் சொல்வதும் நியாயம்தான். பிள்ளைக்கு இருப்பது அத்தாவும் அந்த நம்பரும்தான். அதையும் நான் பிடுங்கவா?

ஜூன் 27, வியாழன்

பிடுங்கத்தான் வேண்டும். அவுக இருந்தால் பொய் வேலை செய்யும். அவுக இல்லாமல் பொய் மட்டும் இருந்தால் அது பிள்ளையைக் கவிழ்த்துவிடும். அவுகளை எனக்கு இருபத்து மூன்று வருசமாகத் தெரியும். சொல்லு என்றுதான் சொல்வாக.

ஜூலை 2, செவ்வாய்

சொன்னேன். புல் தூவியது, குனிந்தது, பஸ்ஸில் பேசியது, எல்லாம்.

கடைசி வரைக்கும் கேட்டாள். அப்புறம், "என்னை முட்டாளாக்கிருக்காரு" என்றாள். எப்போதும் போல 'ஆக்கிருக்காக' என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 5, வெள்ளி

போன் இல்லை.

ஜூலை 6, சனி

இல்லை. நான் சொன்னது சரிதான். சரியாக இருந்தால் வலிக்காதா என்ன?

ஜூலை 9, செவ்வாய்

அஸர் தொழுதுவிட்டு எழுந்தபோது கூப்பிட்டாள். சலாம்கூடச் சொல்லவில்லை.

"ரொம்பக் காத்துன்னா எத்தனை செருப்பு பின்னாடி?"

"ஒண்ணு. ரொம்ப ரொம்பன்னா ஒண்ணரை."

"எதுத்து அடிச்சா?"

"ஒண்ணு முன்னாடி. பக்கவாட்டுல வந்தா மாத்த மாட்டாக."

"ரொம்பக் காத்துன்னு எப்படிம்மா தெரியும்?"

"புல்லுப் போடு. ரெண்டு எட்டு வச்சா மிதிக்கிற தூரத்துல விழுந்தா லேசு. அதையும் தாண்டிப் போனா ரொம்ப."

எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள், "கவுண்டி அத்லெடிக்ஸ் போட்டியில நா ஜெயிச்சேனே, அன்னைக்குமா?"

"அன்னைக்கு ஒண்ணரை பின்னாடி."

சிரித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. அத்தா மவுத்தான பிறகு அவள் என்னிடம் அழுவது இதுதான் முதல் தடவை. போனை நான் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.

செருப்பை அனுப்பவா என்று கேட்டேன். அவுக செருப்பு நீளத்தை அங்குல டேப்பில் அளந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். போதும் என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

கோச்சம்மாவோடு காற்று பார்த்து ஓடிப் பழகுகிறாளாம். பத்தில் ஏழு சரியாக வருகிறது. ஏழு போதாது என்கிறாள். அவுக மகள்தான்.

ஜூலை 21, ஞாயிறு

மஃரிபுக்கு முன்னால் கோச்சம்மா வீடியோவில் கூப்பிட்டாள். போனை நான் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தேன். ஓரகத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அங்கே கொடி எல்லாம் ஒரே பக்கமாக விறைத்து நின்றது.

முதல் ஓட்டம், சிவப்பு.

ஓரகத்தி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை.

இரண்டாவதற்கு முன்னால் ரெஹானா ஓட்டப் பாதைக்கு வெளியே போய்க் குனிந்தாள். ஒரு பிடி புல். தூவினாள். பலகைப் பக்கமாகப் பறந்துபோய்த் தூர விழுந்தது. தன் கோட்டுக்கு நடந்தாள். அங்கே நின்று வாயை அசைத்தாள். சத்தம் கேட்கவில்லை. எனக்கு அது தேவையில்லை, பத்து வருசமாக அந்த வாயசைவு எனக்குத் தெரியும். நூத்தி முப்பத்தாறு.

அதைச் சொல்லிவிட்டுத்தான் டேப்பை உரித்துப் பின்னால் ஒட்டினாள்.

வெள்ளைக் கொடி. ஆறு மீட்டர் முப்பத்தெட்டு. கடைசி வரைக்கும் இரண்டாம் இடம் அதுதான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நாட்டுச் சட்டை வந்துவிட்டதாம். போட்டோ அனுப்பினாள். முதுகில் எங்கள் வீட்டுப் பேர், ரசூல் என்று இங்கிலீஷில். அந்த எழுத்து மட்டும் எனக்கு வாசிக்க வரும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நேற்றோடு இத்தா முடிந்தது. தலை குளித்து, துஆ ஓதி, வாசல்படி தாண்டினேன். வெயில் கண்ணைக் குத்தியது.

அடுத்த மாதம் லெஸ்டர் போகிறேன். அதற்கு முன்னால் ஓடைப்பட்டித் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றேன், அஷ்ரப் கூட்டிப் போனார். செருப்பைப் பையில் எடுத்துக்கொண்டேன். ரெஹானாவிடம் கேட்டுவிட்டுத்தான். "அவருக்கே குடுத்துருங்கம்மா. அத எதுக்குப் பெட்டிக்குள்ள வைக்கணும்?" என்றாள்.

மலைச்சாமி அதை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"புதுசு இன்னும் கடிக்குதா?"

"ரெண்டரை மாசமா கடிக்குது ஆத்தா. திரும்பத் திரும்பச் சொன்னா நல்லாருக்காதேன்னு சொல்லல."

அங்கேயே பஞ்சைச் சுருட்டி முன்னால் திணித்து மாட்டிக்கொண்டார். மருந்து டிரம்மை முதுகில் ஏற்றினார். பந்தலுக்குள் போனவர் நின்று, ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிப் பார்த்துவிட்டு, திரும்பி, காற்று முதுகில் படுகிற பக்கம் போய் நின்றுகொண்டார்.